புழுங்கல் சோறு ஏன் குழைவதில்லை?

நன்னிலம் பக்கம் அறுவடை முடிந்த சமயத்தில் ரைஸ் மில் வழியாகப் போயிருக்கிறீர்களா? நெல் அவியும் வாசனை மூக்கைத் துளைக்கும். நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, களத்தில் கொட்டிக் காயவைத்து, அதன் பிறகுதான் அரைப்பார்கள். அவிக்காமல் அரைத்தால் பச்சரிசி, அவித்து அரைத்தால் புழுங்கலரிசி. பச்சரிசிச் சோறு கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். புழுங்கல் சோறோ உதிரி உதிரியாக நிற்கும். ஏற்கெனவே ஒரு தடவை வெந்த அரிசி அது. அதுவல்லவா முதலில் குழைய வேண்டும்?

பதில் அரிசி மணிக்குள்ளே இருக்கிறது. அரிசியில் பெரும்பங்கு மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சர்க்கரைத் துணுக்குகளை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான் மாவுச்சத்து. அதில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் நீளமாக ஓடும், கிளைகள் குறைவு. அமைலோபெக்டின் ஏகப்பட்ட கிளைகளோடு இருக்கும். அந்தக் கிளைகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, நெருக்கியடித்து ஓர் அடுக்காக நிற்கும். கிளை பிரிகிற இடங்கள் தளர்வாக அடுத்த அடுக்காக இருக்கும். இறுக்கம், தளர்வு, மறுபடி இறுக்கம் என்று போகும். ஓர் இறுக்கமும் ஒரு தளர்வும் சேர்ந்த கனம் சுமார் 9 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் இப்படி ஒரு லட்சம் ஜோடிகளுக்கு மேல் அடுக்கலாம்!

யார் அடுக்கியது? சங்கிலியை நீட்டவும் கிளை வைக்கவும் நறுக்கவும் பயிருக்குள் நொதிகள் உண்டு. அடுக்கும் வேலையோ பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. முறுக்கிய பகுதி முறுக்கியதோடு சேரும், முறுக்க முடியாதது ஒதுங்கும். ஆனால் இரண்டும் ஒரே மூலக்கூறின் உறுப்புகள், பிய்த்துக்கொண்டு தூரமாகப் போக முடியாது. பிரிவதென்றால் அந்தச் சில நானோமீட்டருக்குள்ளேயே பிரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இவ்வளவு மெல்லிய அடுக்குகள். கேம்பிரிட்ஜில் ஏதீன் டொனால்ட் என்ற விஞ்ஞானியின் குழு இதை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தது. காய்ந்த மாவுச்சத்தில் அடுக்கு மங்கலாகத்தான் இருந்தது. தண்ணீர் பட்டதும் முறுக்குகளுக்கு நகர வழி கிடைத்து வரிசைக்கு வந்துவிட்டன.

நெல் அவியும்போது இந்த அடுக்குகள் குலைகின்றன, அமைலோஸ் அவிழ்கிறது. ஆனால் மேலே உமி மூடியிருப்பதால் கஞ்சியாக வெளியேற முடியாது. ஆறும்போது அமைலோஸ் இழைகள் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. சில இழைகள் அரிசியிலிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளைத் தங்கள் சுருளுக்குள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மணியிலிருந்த கீறல்களும் ஒட்டிக்கொள்வதால் அரைக்கும்போது நொய் குறைகிறது. இப்படி ஒருமுறை இறுகிய அமைலோஸ் கொதிக்கிற உலைநீருக்கும் லேசில் அசையாது. புழுங்கல் சோறு குழையாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அப்படியானால் அமைலோஸ் குறைந்த அரிசியை அவித்தால்? அசாமில் அதைத்தான் செய்கிறார்கள். கோமல் சாவுல் என்று பெயர். அடுப்பே வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்தால் சோறு மாதிரி மென்மையாகிவிடும். இறுகுவதற்குப் போதிய அமைலோஸ் இல்லையே!

அளவை மாற்றினால் குணமே மாறுகிற இந்த வித்தையை வேதியியலாளர்கள் செயற்கைச் சங்கிலியிலும் செய்து காட்டினார்கள். பிளாக் கோபாலிமர் என்பது அதன் பெயர். 1960களில் ஷெல் நிறுவனம் விற்க ஆரம்பித்த ஒரு வகையில், சங்கிலியின் இரண்டு முனையிலும் தெர்மகோல் செய்கிற பாலிஸ்டைரீன், நடுவில் ரப்பர். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. முனைகள் கூடிக் குட்டிக் குட்டியான கெட்டி முடிச்சுகளாகி, ரப்பரைப் பிடித்து நிறுத்துகின்றன. ஸ்டைரீன் கொஞ்சமாக இருந்தால் முடிச்சு உருண்டையாக இருக்கும், கூட்டினால் குச்சிகளாகும், ஏறத்தாழ பாதிக்குப் பாதி வந்தால் அடுக்கடுக்காகப் படியும். சூடாக்கினால் முடிச்சு இளகும், அச்சில் ஊற்றி ஆறவைத்தால் மறுபடி கூடும். டி.பி.ஆர். என்று சொல்கிற செருப்பு அடிப்பாகங்கள் பல இப்படித்தான் தயாராகின்றன. சைக்கிள் டயரை இப்படி உருக்கி வார்க்க முடியாது. அதில் ரப்பர் இழைகளைக் கந்தகம் நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறது.

மாவுச்சத்துச் சங்கிலி தானே சுருள்வதை வீட்டிலேயே பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வடித்த கஞ்சியை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நன்றாக ஆறியதும் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும், அமைலோஸ் சுருண்டு அயோடினை உள்ளே வைத்துக்கொண்டது என்று அர்த்தம். டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள், நீலம் வெளிறும். வெளியே எடுத்து ஆறவிட்டால் திரும்பி வரும். ரொம்ப நேரம் சூடாக்கினால் அயோடின் ஆவியாகிவிடும், பிறகு நீலம் வராது. ஆட்டம் முடிந்ததும் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். கஞ்சிதானே என்று மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்!