திரையில் சுழலும் சின்னங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும், அதே திருவள்ளூர் மாவட்டத்து வல்லூர் அனல்மின் நிலையத்திலும், யந்திரத்தருகே நின்று அதன் போக்கை அறிந்த காலம் பெரும்பாலும் கடந்து, கண்ட்ரோல் ரூமில் அமர்ந்து பம்பையும் விசிறியையும் திரையில் சிறு சித்திரங்களாகக் கண்டு தொழில் நடத்தும் காலம் வந்துவிட்டது. ஓடும் பம்பைச் சுழலும் சின்னமாகக் காட்டுவது பல திரைகளில் வழக்கம்.

திரையில் உண்மையாகச் சுழல்வது எதுவுமில்லை. அசையாப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்ற, சலனத்தைச் சிருஷ்டிப்பது நம் மூளையே. 1912-ல் வெளியான தம் ஆய்வில் உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் இரு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டியபோது, இடைவேளை சுமார் 200 மில்லிவிநாடியாயின் அவை ஒன்றன்பின் ஒன்றாகவும், 30 ஆயின் ஒருசேரவும், 60 அளவில் ஒரே கோடு நகர்வதாகவும் தோன்றின. மூன்று இறக்கைகளும் ஒன்றுபோலுள்ள விசிறிச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் இறக்கையையும் அடுத்த படத்தில் அதற்கு மிக அருகிலுள்ள இறக்கையோடு மூளை பொருத்திக்கொள்வதால், படத்துக்குப் படம் 40 பாகை திருப்பினால் சுழற்சி சரியாகத் தெரியும். 60 ஆனால் திசை நிச்சயமாகாது. 80 ஆனால் விசிறி எதிர்த்திசையில் சுழல்வதாகவே பிரமை தட்டும்.

இதனினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கூரிய பார்வை, நீட்டிய கையின் பெருவிரல் நகமளவுக்கே உரியது. அதற்கு வெளியே உருவமும் நிறமும் மங்கினாலும், சலனம் மட்டும் தவறாமல் நம்மை இழுக்கும். அசையாதவற்றிடையே அசைவது உடனே கண்ணில் படும். அசைபவற்றிடையே அசையாது நிற்பதையோ தேடித்தான் காண வேண்டும். இருபது பம்புகள் சுழலும் திரையில், நின்றுபோன ஒன்றைத்தானே ஆபரேட்டர் முதலில் காண வேண்டும்? அதையே அத்திரை மறைத்துவிடுகிறது. ஆலையைப் பார்க்க வரும் விருந்தினருக்கு அது அழகாயிருக்கலாம். இரவு ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருப்பவருக்கு அது பாரமே. மேலும், மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்ற சமிக்ஞையை மட்டும் கொண்டு சுழலும் சின்னம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் அறுந்து பம்பு நின்ற பிறகும் சுழன்றுகொண்டே இருக்கும்.

அலாரம் ஒழுங்கு பற்றி 2009-ல் வெளியான ஐ.எஸ்.ஏ. 18.2 என்னும் தரநெறி, ஆபரேட்டர் இன்னும் அக்னாலெட்ஜ் செய்யாத அலாரத்தை மின்னுதலால் பிரித்துக் காட்டும் வழியை வகுத்திருக்கிறது. மின்னுதலும் சலனம்போலவே கண்ணை இழுப்பதால், பிற அசைவுகளிடையே அது கரைந்துவிடக் கூடாது. எனவே புதிய திரைகளுக்கு ஆர்டர் கொடுக்கும் பொறியாளர்கள், சரிவர ஓடும் பம்புகளை அசையாச் சின்னங்களாக வரையச் சொல்லி, சலனத்தை அபாயத்துக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன்.