பைசாவை முழுமையாக்குதல்: எந்த நிலையில் செய்வது சரி?

மளிகைக் கடை ரசீதின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்றொரு வரி இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். மொத்தத் தொகை ரூ.432.40 எனில் ரூ.432 ஆகவும், ரூ.432.60 எனில் ரூ.433 ஆகவும் அங்கு மாற்றப்படுகிறது. சரிபாதியான 50 பைசா வந்தால் மேல்நோக்கிச் செல்வதே பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறை.

சில்லறை இல்லாமையே இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புடைய நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லத்தக்கவை அல்ல. 50 பைசா நாணயம், 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி ரூ.10 வரையிலான தொகைக்கு இன்றும் செல்லும். அதை வாங்க மறுக்கும் கடைகளே மிகுதி என்பது வேறு விஷயம்.

முழுமையாக்குவதால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. அதை எந்த நிலையில் செய்கிறோம் என்பதில்தான் கணக்கு மாறுகிறது. ரூ.12.50 விலையுள்ள நான்கு பொருள்களின் மொத்த விலை ரூ.50. ஒவ்வொரு விலையையும் முதலில் ரூ.13 என மாற்றிக் கூட்டினால் ரூ.52 வரும். வாடிக்கையாளர் இரண்டு ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரிடும். எனவே, பைசாவுடன் கூட்டி முடித்து, இறுதித் தொகையை மட்டும் முழுமையாக்க வேண்டும்.

ஒரே தொகையை இரு முறை முழுமையாக்குவதும் பிழைக்கு வழிவகுக்கும். வருமான வரிக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு, மொத்த வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்காக முழுமையாக்கும் முறையை வகுத்தது. ஒருவரின் வருமானம் ரூ.5,67,894.90 என்று கொள்வோம். இதை முதலில் ரூ.5,67,895 ஆக்கி, பின்னர் பத்தின் மடங்காக மாற்றினால் ரூ.5,67,900 கிடைக்கும். ஆனால், உண்மைத் தொகைக்கு நெருங்கிய மடங்கு ரூ.5,67,890 தான். சட்டம் இச்சிக்கலை எளிதாகத் தவிர்த்தது. பைசாவை முதலில் அடியோடு விட்டுவிட வேண்டும். பிறகு கடைசி இலக்கம் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே மேல்நோக்கிச் செல்ல வேண்டும். வரித் தொகைக்கும் இதே முறையை 288பி பிரிவு கூறியது.

சரக்கு மற்றும் சேவை வரியில் நிலை வேறு. 2017-ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170-ஆவது பிரிவின்படி, தொகை ஒரு ரூபாய்க்கே முழுமையாக்கப்படுகிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகும், குறைந்தது கழிக்கப்படும். அச்சட்டத்தின் கீழ் செலுத்த வேண்டிய வரி, வட்டி, அபராதம், திரும்பப் பெறும் தொகை ஆகியவற்றுக்கான விதி இது. மளிகை ரசீதின் மொத்தத் தொகையை முழுமையாக்குவது வணிக வழக்கமே.

யுபிஐ வழியாக ரூ.432.40-ஐப் பைசா உட்பட அப்படியே செலுத்த இயலும். ஆயினும், ரொக்கத்திற்காகத் தோன்றிய 'ரவுண்ட் ஆஃப்' வரி, கைப்பேசியில் பணம் செலுத்துவோரின் ரசீதிலும் பல கடைகளில் இடம்பெற்று வருகிறது.