பாலக்காட்டுக் கணவாய்

சிறுவனாக இருந்தபொழுது கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டிற்கு முதன்முறையாக இரயிலில் சென்றேன். வழியில் கணவாய் வரும் என்று பூகோளப் பாடத்தில் படித்திருந்தமையால், இரு பாறைகளுக்கிடையே வண்டி நுழையும் காட்சியை எதிர்பார்த்துச் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். பாலக்காட்டு நிலையமே வந்துவிட்டது. “கணவாய் எங்கே?” என்று தந்தையாரைக் கேட்டேன். “இவ்வளவு நேரமும் அதற்குள்தானே வந்தோம்!” என்றார்.

நான் ஏமாந்ததில் வியப்பில்லை. கைபர் கணவாய் போன்ற இடுக்கு வழியன்று இது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர். இடையே தரை சில நூறு மீட்டர் உயரத்திற்குத் தாழ்ந்து, ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விரிந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் 1,600 கிலோமீட்டர் நீளத்தில் இத்துணைப் பெரிய இடைவெளி வேறில்லை.

வாயில் திறந்திருந்தால் முதலில் நுழைவது காற்றுத்தான். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே புகுந்து, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மழையிற் பெரும்பகுதியை மேற்கிலேயே கொட்டிவிடுவதால், ஆடி மாதத்தில் கோவையார்க்குக் கிட்டுவது பெரும்பாலும் சாரலே.

காற்றைப் போலவே வணிகரும் வந்தனர். கொங்கு மண்ணில் உரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருப்பது, மேலைக் கடற்கரையிலிருந்து இவ்வழியே நடந்த வாணிகத்திற்குச் சான்றாகும். பின்னர்ப் படைகளும் வந்தன. ஹைதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார். 1862-இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை நிறைவுற்றது.

நமக்கு வாயிலான இவ்வெளி, மலைவாழ் உயிர்களுக்கோ மதிலாயிற்று. குளிர்ந்த சோலைக் காட்டுப் பறவை வெப்பமான சமவெளியைக் கடவாது. ஆகவே வடபுறத்துச் சோலைகளில் ஓரினமும், தென்புறத்தில் அதற்கு நெருங்கிய உறவான வேறோரினமும் வாழ்கின்றன. யானைகளும் அவ்வாறே, நீலகிரி யானைகளும் ஆனைமலை யானைகளும் மரபணுவில் வேறுபட்டுள்ளமையை 2005-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கணவாயின் வடவோரத்தில், மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே, அந்த இருப்புப்பாதை யானைக்காட்டினூடே செல்கிறது. தண்ணீரும் தீனியும் தேடித் தண்டவாளத்தைக் கடந்த யானைகள் பல, வண்டிகளில் அடிபட்டு மாண்டன. 2024-இல் மதுக்கரையில் கோபுரங்கள் நிறுவி, இரவிலும் யானையைக் கண்டறியும் கேமராக்களைப் பொருத்தினர். யானை நெருங்கினால் செய்தி இரயில் ஓட்டுநரை எட்டுகிறது; வண்டி மெதுவாகிறது. அங்கே வண்டி தயங்கும்பொழுது, தாமதமாகிறதே என்று நான் இப்பொழுது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சன்னலுக்கு வெளியே காட்டைத்தான் பார்க்கிறேன்.