மிளகாய் கருக்கும் ஆழம்

மலையடிவாரத்துப் போடிச் சந்தையில் வாங்கிய வற்றல் மிளகாய் ஒன்றையும் நல்ல பச்சை ஏலக்காய் ஒன்றையும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மன்னார் வளைகுடாவில் 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். ஏலக்காய் ஏறத்தாழப் பச்சையாகவே தெரியும். மிளகாயோ கருகியதுபோல் இருக்கும். குப்பிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, மிளகாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சிவப்பாகக் காட்ட வேண்டிய வெளிச்சம்தான் வழியிலேயே தீர்ந்துபோனது.

வெயில் எல்லா நிறங்களின் கலவை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்தாறு மீட்டருக்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். பச்சையும் நீலமும்தான் ஆழம்வரை தாக்குப்பிடிக்கும். பவளப்பாறை இடுக்குகளில் பகலெல்லாம் பதுங்கியிருக்கும் சில மீன்கள் செக்கச்செவேலென்று இருப்பதன் சூட்சுமமும் இதுதான். கரையில் கண்ணைப் பறிக்கிற அந்தச் சிவப்பு, கீழே இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். எதிரிக்குத் தெரியாமலிருக்க அவை கறுப்புப் பூசிக்கொள்ளவில்லை; சிவப்பே போதுமானதாக இருக்கிறது.

அதனால் கடலுக்கடியில் படமெடுப்பவர்கள் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகிறார்கள். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால், கருத்த மீன் சட்டென்று சிவந்து நிற்கும். ஆனால் அந்த வெளிச்சமும் தண்ணீருக்குள்தான் பயணம் செய்தாக வேண்டும். மீன் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப இரண்டு மீட்டர். தூரம் கூடக்கூடச் சிவப்பு மறுபடி கரையும். கைநீட்டும் தூரத்துக்குப் போகாதவருக்கு நிறம் கிடையாது.

இந்த வித்தை நூறு வருடம் பழையது. 1926-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே வில்லியம் லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் கடலடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். மேலே மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி அந்த வெடிப்பொளியில் மீனைப் படம்பிடித்தார்கள். வெடிமருந்தை மிதக்கவிட்டு அதன் கீழே நிற்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மறு ஆண்டு நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் படங்கள் வெளியாயின.

ஃபிளாஷைக் கேமராவை ஒட்டி வைக்கக் கூடாது என்பது அடுத்த பாடம். மன்னார் வளைகுடா நீரில் மணலும் நுண்ணுயிர்களும் மிதக்கும். நேராக அடிக்கும் ஒளி அந்தத் துகள்களில் பட்டு லென்ஸுக்கே திரும்பி, படமெங்கும் வெள்ளைப் புள்ளியாகக் கொட்டும். போடிக்கு மேலே போடிமெட்டு மலைப்பாதையின் மூடுபனியில் ஹைபீம் போட்ட ஓட்டுநருக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவதும் இதே கணக்குத்தான். அதற்காகவே இரண்டு ஃபிளாஷ்களை நீண்ட கைகளில் பொருத்தி, இருபுறமும் விரித்து, சற்று வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீனைத் தொடும். இடையிலுள்ள தூசு இருட்டிலேயே இருக்கும்.

இத்தனையும் செய்ய அங்கே மூச்சு விட வேண்டுமே! தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். (கடலில் திட்டாகக் கிடக்கும் பாறைத்தளத்தைப் பரதவர்கள் ‘பார்’ என்பார்கள்.) ஒவ்வொரு 10 மீட்டருக்கும், தரையில் நம்மீது இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு பங்கு ஏறுகிறது. மேலிருந்து ஒரு குழாய் விட்டு உறிஞ்சினால் காற்று வராது. நெஞ்சுக்கூட்டைத் தண்ணீர் அமுக்கிக்கொண்டிருக்கும். வெளியே எவ்வளவு அழுத்தமோ அதே அழுத்தத்தில், கேட்கும்போது மட்டும், காற்று வாய்க்கு வர வேண்டும். இதைச் செய்வதுதான் ரெகுலேட்டர் என்னும் காற்றுச் சீராக்கி. அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் தட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உங்கள் மூச்சு. உறிஞ்சியதும் தட்டு உள்ளே குழிந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும், வால்வு திறக்கும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். மின்சாரம் இல்லை, சில்லு இல்லை. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கியது இது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் செய்திருந்த வால்வுதான் இதற்கு மூலம்.

12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்குக் கரையில் அது இரண்டு மணி நேரம் வரும். 10 மீட்டரில் ஒரு மணி நேரம், 20 மீட்டரில் 40 நிமிடம். அதிலும் கொஞ்சத்தை மேலேறுவதற்கு ஒதுக்க வேண்டும். மூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சற்று ஆழமாக இழுத்தால் உடல் மெல்ல எழும்பும், விட்டால் தாழும். கைகால் அசைக்காமல், பவளத்தை உரசாமல், தேர்ந்தவர்கள் கேமராவை இப்படித்தான் ஏற்றி இறக்குகிறார்கள். துடுப்புக்காலின் ஓர் உதை, மில்லிமீட்டர் அளவிலான உயிர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியதை உடைத்துவிடும். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றியுள்ள இந்தப் பவளங்கள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளில் கால்வைக்க முடியாது.

போடிக்காரர்கள் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தாலும் முழுதும் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் மலையேறினால்? போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொண்டைஊசி வளைவுகள் ஏறஏற உப்புவது அதனால்தான். அதே அழுத்தக் குறைவில், உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். மூட்டு வலியில் தொடங்கி உடல் செயலிழப்புவரை போகக்கூடிய நோய் அது. கரையில் நன்றாக இருந்தவருக்கு மலையில் வரும்.

ராமேஸ்வரத்திலிருந்து போடி சுமார் 260 கிலோமீட்டர். காலையில் மூழ்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலைமேல் உள்ள எஸ்டேட் வீட்டுக்குப் போய்விடக்கூடிய தூரம். போகாதீர்கள். 600 மீட்டருக்கு மேல் ஏறுவதென்றால், ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும் பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல். மதுரையில் ஓர் இரவு தங்கி, எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் மலையேறுங்கள்.