நாக்கு சொல்லும் தீர்ப்பு

ஒரு நீதிபதி காலை பத்து மணிக்கு ஒரு வழக்கைக் கேட்டு, "குற்றமற்றவன், விடுதலை!" என்கிறார். பத்தரை மணிக்கு அதே வழக்கு வேறு எண்ணோடு வருகிறது. "ஆறு மாதம் சிறை!" என்கிறார். இப்படியும் நடக்குமா என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில், கலிபோர்னியாவில் நடந்திருக்கிறது. ஆனால் கூண்டில் நின்றது மனிதனல்ல; திராட்சை மது!

மதுவைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். நம் கதை குடிப்பதைப் பற்றியதல்ல. ருசி பார்ப்பதைப் பற்றியது.

கலிபோர்னியாவின் தலைநகரான ஸாக்ரமெண்டோவில் நடக்கும் பொருட்காட்சியில் திராட்சை மதுவுக்குப் போட்டி உண்டு. நிபுணர்கள் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, துப்பிவிட்டு மார்க்குப் போடுவார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. எண் மட்டுந்தான் தெரியும். பதக்கம் கிடைத்தால் விற்பனைக்கு நல்லது. சிறிய உற்பத்தியாளர்களுக்கு அது பிழைப்பு விஷயம்.

ராபர்ட் ஹாட்ஸன் அப்படி ஒரு சிறிய உற்பத்தியாளர். ஓய்வு பெற்ற பேராசிரியர். புள்ளி விவரக் கணக்கில் கைதேர்ந்தவர். தம்முடைய மது ஓரிடத்தில் தங்கப் பதக்கம் வாங்குவதும், இன்னோரிடத்தில் வெறுங்கையோடு திரும்புவதும் அவருக்குப் புதிராக இருந்தது. வேறொருவராயிருந்தால் நீதிபதிகளைத் திட்டித் தீர்த்திருப்பார். பேராசிரியர் அல்லவா? பரீட்சை வைத்தார்!

போட்டி நடத்தியவர்களின் சம்மதத்தோடு, 2005 முதல் 2008 வரை, நாலு வருஷம் அந்தப் பரீட்சை நடந்தது. சுமார் முப்பது கிண்ணங்கள் கொண்ட வரிசையில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மது மூன்று கிண்ணங்களில், மூன்று எண்களோடு, ஒளிந்திருந்தது.

விளைவு? ஏறக்குறைய பத்து நீதிபதிகளில் ஒருவர்தான் மூன்று தடவையும் ஒரே தரம் என்று சொன்னார். இன்னொரு பத்தில் ஒருவர் அதே மதுவுக்கு வெண்கலமும் கொடுத்தார், தங்கமும் கொடுத்தார்! அதிலும் ஒரு வேடிக்கை: பிடித்ததைவிடப் பிடிக்காத சரக்கில்தான் அவர்கள் தீர்ப்பு மாறாமல் நின்றது. ஒரு வருஷம் தேறியவர் மறு வருஷமும் தேறுவார் என்ற நிச்சயமும் இல்லை.

இவர்கள் போலிகளா? இல்லை, அநுபவசாலிகள்தாம். ஆனால் நாக்கு தராசு அல்ல. அல்வா தின்ற வாய்க்குக் காப்பியில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போதாது. அதேபோல், முன்னால் ருசித்த கிண்ணம் அடுத்த கிண்ணத்தின் ருசியை மாற்றிவிடுகிறது. முப்பது கிண்ணம் என்றால் நாக்கும் களைத்துவிடும்.

கண்ணும் நாக்கை ஏமாற்றும். பிரான்ஸில், போர்டோ நகரில், மது இயல் படித்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை மதுவை, மணமும் ருசியும் இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு மதுவுக்கு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளையே மாணவர்கள் எழுதினார்கள்! 2001-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

ஹாட்ஸனின் முடிவுகளை வெளியிடச் சம்மதித்த போட்டிக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தன் தராசைத் தானே சோதிக்கக் கொடுக்கும் வியாபாரி அபூர்வம். பதக்கம் பொய்யல்ல, அன்றைக்கு, அந்த வேளையில், அந்த நாக்குகள் சொன்ன அபிப்பிராயம், அவ்வளவுதான்.

ஆகையால் சகோதரிகளே, நேற்று உங்கள் சாம்பாரை "அமிர்தம்!" என்றவர், இன்று அதே சாம்பாரை "உப்புச் சப்பில்லை" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ஸாக்ரமெண்டோ நிபுணர்களே தேறாத பரீட்சையில் அவர் மட்டும் எப்படித் தேறுவார், பாவம்!