உங்களுக்குத் தெரியுமா? வெயிலே பகையாகும் நோய்

● 2025 மார்ச்சில் பாலக்காடு மாவட்டத்தில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தொட்டது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது.

● குளிர்ந்த மூணாறிலும் கவனம் தேவை. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் இக்கதிர் கூடும். இடுக்கியின் மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்.

● இக்கதிர் தோல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கும். சிதைந்த துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகக் கோக்கும் புரதங்கள் நம் உடலில் உண்டு. அதன் நுட்பத்தை விளக்கிய அசீஸ் சஞ்சார் 2015 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

● இந்தச் சீரமைப்பு பிறவியிலேயே பழுதாகியிருந்தால் வரும் அரிய நோய் ‘சீரோடெர்மா பிக்மென்டோசம்’. சிறு வயதிலேயே முகத்தில் கரும்புள்ளிகள், கண்கூச்சம், தோல் புற்றுநோய் தோன்றலாம். காரணத்தை 1968-இல் கண்டறிந்தவர் ஜேம்ஸ் கிளீவர்.

● தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். இருவரும் அதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 25 சதவீதம். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் இருவரும் சுமப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடும்.

● நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. உடலை மூடும் ஆடை, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், அடிக்கடி தோல் பரிசோதனை ஆகியவையே காப்பு. வெயிலே படாததால் வைட்டமின் டி மாத்திரையும் தேவைப்படலாம்.