கண்ணாடி அலமாரியில் ஒரு ஃபெராரி

"என்னப்பா இது, பாலிடெக்னிக் மலரில் பொம்மைக் கார் பற்றியா கட்டுரை?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முறைக்க வேண்டாம். டை-காஸ்ட் மாடல் கார் என்பது நம் பவுண்டரி பாடமும் மெட்ராலஜி பாடமும் சேர்ந்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த பொருள். சேகரிக்க ஆசைப்படுகிறவர் பெயிண்ட் பளபளப்பில் மயங்கினால் காசு போச்சு! பார்க்க வேண்டியது அளவு. அதைவிட முக்கியம், உலோகம்.

முதலில் அளவு. 1:18 என்றால் அசல் காரில் 18 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40 காரின் வீல்பேஸ் 2450 மி.மீ. 18-ஆல் வகுத்தால் 136, 24-ஆல் 102, 43-ஆல் 57. முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை வெர்னியரால் அளந்தால், பெட்டியில் அச்சடித்திருக்கும் ஸ்கேல் நிஜமா, சும்மாவா என்று தெரிந்துவிடும். (அதென்ன 43 என்றொரு விசித்திர எண்? பிரிட்டனில் 'ஓ' கேஜ் மாடல் ரயிலுக்கு ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று கணக்கு வைத்தார்கள். 304.8-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள்!) ஹாட் வீல்ஸ் கார்களிடம் இந்தக் கறார் வேண்டாம். எல்லா வண்டியும் ஒரே பேக்கிங்கில் அடங்க வேண்டுமே. அங்கே 1:64 என்பது உத்தேசக் கணக்குதான்.

இனி உலோகம். பெரும்பாலும் ஜமாக்தான். துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், துளி மெக்னீசியம், சில ரகங்களில் கொஞ்சம் தாமிரம். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ஜிங்க் கம்பெனி உருவாக்கியது. 400 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளேயே உருகிவிடும். அதனால் ஹாட் சேம்பர் மெஷினில் பிளஞ்சர் உருகிய உலோகத்திலேயே மூழ்கி நின்று அதை டைக்குள் தள்ளும். அலுமினியத்திடம் இந்தப் பருப்பு வேகாது, இரும்பையே அரித்துவிடும்.

ஜமாக்குக்கு ஒரு பரம வைரி உண்டு. அது ஈயம். சதவீதக் கணக்கில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் கலந்தாலே ஆபத்து. அந்த ஈயம் கிரெயின் பவுண்டரியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஈரக்காற்று பட்டதும் அங்கிருந்து அரிப்பு ஆரம்பம். உலோகம் உப்பும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சேகரிப்பவர்கள் இதை 'மெட்டல் ஃபேட்டிக்' என்கிறார்கள். நம்ம லெக்சரர் காதில் விழுந்தால் அவ்வளவுதான்! லோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்கி வருவதுதான் ஃபேட்டிக். இது அரிப்பு, சரியான பெயர் ஜிங்க் பெஸ்ட். லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1930-களில் வார்த்த டிங்கி கார்களில் பல இப்படித்தான் அழிந்தன. 2000-களில் சீனாவில் வார்த்த சில மாடல்களிலும் இதே கோளாறு தலைகாட்டியிருக்கிறது. ஆகவே புதுசு என்றும் அசட்டையாக இருக்க முடியாது. இதற்கு மருந்து கிடையாது. பெயிண்டில் சின்னக் கொப்புளம், தலைமுடி போன்ற வெடிப்பு, திறக்க மறுக்கும் கதவு, வாழைப்பழம் போல் வளைந்த சேஸிஸ் – இதில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

பழைய காரை யாராவது பிரித்து ரீபெயிண்ட் செய்தார்களா? அடியில் ரிவெட்டைப் பாருங்கள். டிரில் போட்ட தடம் இருந்தால் விஷயம் வெளிச்சம். நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதும் தப்பு. 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ்பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வெள்ளி நிறம். ஆனால் 1965-இல் கார்கி வெளியிட்ட 261-ஆம் எண் மாடல் தங்க நிறம்! அசலே அதுதான். "படத்தில் வெள்ளிதானே" என்று ஒருவர் பெயிண்ட் அடித்திருந்தால் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். வெள்ளி நிறத்தில் கார்கி பின்னால் விட்ட 270-ஆம் எண் மாடலில் சுழலும் நம்பர் பிளேட் இருக்கும்; 261-இல் இருக்காது. கூரை வழியே தூக்கி எறியப்படும் அந்தக் குட்டி வில்லன் காணாமல் போயிருந்தாலும் விலை இறங்கும். பெட்டியும் சேர்ந்திருந்தால் யோகம்தான்.

வாங்கியாச்சு, எங்கே வைப்பது? வெயில் படாத, ஈரமில்லாத கண்ணாடி அலமாரி போதும். மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். வருஷக்கணக்கில் சக்கரத்தில் பாரம் நிற்க விட்டால் சில டயர்களின் பிளாஸ்டிக் எண்ணெய் கசிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் ஸ்டாண்டையே உருக்கி ஒட்டிக்கொள்ளும். சேஸிஸுக்கு அடியில் சின்னக் கட்டை ஒன்று கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள்.